புஸ்ஸென்று ஒரு சாட்சி

மான் வேட்டை தொடங்கும் வாரத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்காரர்கள் யாரும் சாகக் கூடாது, யார் வீட்டிலும் குழாய் உடையக் கூடாது, யாரும் வழக்கில் மாட்டக் கூடாது. பாதிரியார், பிளம்பர், வக்கீல் மூவருமே வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு ஏதாவதொரு மரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் லைல் ஹாகன் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். இருந்தும் அந்த வாரமாகப் பார்த்துத்தான் மாட்டினார்.

செங் லோர் அதைத் தனக்கு இழைக்கப்பட்ட துரோகமாகவே எடுத்துக்கொண்டான். அவனுக்குப் பதினோரு சித்தப்பாக்கள். அத்தனை பேரும் துப்பாக்கியும் மூங்கில் கூடை நிறைய ஒட்டரிசிச் சோறுமாகக் காட்டுக்குள் போயிருந்தார்கள். அவன் மட்டும் பிளாக் எல்ம் ஊர் மருத்துவமனையின் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு, தன் பாஸ் பெர்னடெட் ஸாஸ்ட்ரோ பூட்ஸிலிருந்து பனியை உதறி முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.

"எங்க வம்சமே மானைத் துரத்துது. நான் மூத்திரப் புட்டியைத் துரத்தறேன். எங்கம்மா சொந்தக்காரங்ககிட்ட நான் பேங்க்ல வேலை பாக்கறதா சொல்லிக்கறாங்க, பாஸ்."

"பேங்க்லயும் சேமிச்சுத்தானே வைக்கறாங்க? உள்ள வா."

இருவரும் மருத்துவர் நலக் கண்காணிப்புத் திட்டத்தின் துப்பறிவாளர்கள். குடியிலோ மாத்திரையிலோ விழுந்த டாக்டர்களையும் நர்ஸ்களையும் தூக்கி நிறுத்தி, சிகிச்சைக்கு அனுப்பி, பிறகு ஐந்து வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது திட்டத்தின் வேலை. மாட்டியவர் தினமும் காலையில் போன் செய்து, இன்று தன் முறையா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் ஓடிப்போய், இன்னொரு ஆள் பக்கத்தில் நின்று கண்கொட்டாமல் பார்க்க, புட்டியில் பெய்து கொடுக்க வேண்டும். பெர்னடெட்டுக்கு அறுபது வயது. ஒரு காலத்தில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வலி மாத்திரைக்கு அடிமையாகி இதே திட்டத்தில் மாட்டி, ஐந்து வருடம் பெய்து தேறி, கடைசியில் திட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். ஏமாற்றுபவர்களின் எல்லா வித்தைகளும் அவருக்கு அத்துப்படி. பாதி வித்தை அவர் கண்டுபிடித்ததுதான் என்று செங்குக்கு ஒரு சந்தேகம் உண்டு.

வரவேற்பறையில் ஏதோ இலவச ரத்தப் பரிசோதனை முகாம். மேசை மேல் ஒரு தட்டு நிறைய பிஸ்கட், அதன் பின்னால் தூங்கி வழிகிற ஒரு நர்ஸ். செங் ஒரு பிஸ்கட் எடுத்தான். நர்ஸ் கண்ணைத் திறந்து, "விரலைக் கொடு தம்பி, ஒரே குத்து," என்றாள். செங் பிஸ்கட்டைத் திரும்ப வைத்துவிட்டு பாஸின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

மாடியில் டாக்டர் விர்ஜில் கோஸ்ட்கா காத்திருந்தார். பொது மருத்துவப் பிரிவின் தலைவர். கோட்டில் நீல நிற வளையம் ஒன்றைக் குத்தியிருந்தார். நீச்சல் குளத்து மிதவைக்கு யாரோ விளம்பரம் கொடுத்தது போல இருந்தது. ஹாகனைப் பணியிடத்தில் கண்காணித்துத் திட்டத்துக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு இவருடையது.

"வெள்ளிக்கிழமை கொடுத்த புட்டியில சாராயம் இருந்திருக்கு. இனிமே என்ன விசாரணை?" என்றார் கோஸ்ட்கா. "எனக்கு ரெண்டு மாசமாவே தெரியும். கையில எப்பவும் ஒரு பாட்டில். ஆபரேஷன் நடுவுல அடுத்த ஆளை நிறுத்திட்டுக் காணாமப் போயிடறாரு. கை நடுங்குது. வாயைத் திறந்தா பழ வாசனை, எதையோ மறைக்க மிட்டாய் மென்ன மாதிரி. கண்ணு மங்கலா இருக்குன்னு மானிட்டரை மூக்கால தொடற மாதிரி பாக்கறாரு. ஆளும் எளைச்சுட்டாரு. நான் முப்பது வருஷமா டாக்டர், பெர்னடெட். குடிகாரன் நடந்து வர்ற சத்தத்துலயே சொல்லிடுவேன்."

"மயக்க மருந்து கொடுக்கறவர் இந்த நெலமையில ரெண்டு மாசமா வேலை பாத்திருக்காரு. நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க," என்றார் பெர்னடெட்.

"கண்காணிச்சேன்," என்று திருத்தினார் கோஸ்ட்கா. "ஆதாரம் சிக்கட்டும்னு இருந்தேன். இதோ, அவரோட பாட்டில். இன்னிக்குக் காலையில நானே கைப்பத்தினேன்."

மேசை மேல் ஒரு பெரிய எஃகு பாட்டில் நின்றது. செங் மூடியைத் திறந்து முகர்ந்தான்.

"வாசனை இல்லை."

"வோட்காவுக்கு வாசனை கிடையாது," என்றார் கோஸ்ட்கா, வெற்றிக் களிப்போடு.

செங் நாலு மடக்கு குடித்தான். கோஸ்ட்கா அவன் தள்ளாடுவதற்காகக் காத்திருந்தார்.

"தண்ணி."

"இன்னிக்குத் தண்ணி!" என்றார் கோஸ்ட்கா.

பெர்னடெட் எழுந்தார்.

ஹாகன் கேன்டீனில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது. எதிரில் மூன்று காலி டம்ளர்கள், நான்காவது கையில்.

"மூணு மணிக்கு விசாரணை," என்றார் அவர். "ஒத்துக்கப் போறேன், பெர்னடெட்."

"குடிச்சீங்களா?"

"இல்லை."

"பின்ன எதை ஒத்துக்கப் போறீங்க?"

"இல்லைன்னு சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

பெர்னடெட்டுக்குத் தெரியும். திட்டத்தின் வேதத்தில் மறுப்பதுதான் இந்த நோயின் முதல் அறிகுறி. குடித்தேன் என்பவர் குடித்தவர். குடிக்கவில்லை என்பவர் குடித்துவிட்டு மறுப்பவர், அதாவது நோய் முற்றியவர். ஒப்புக்கொண்டால் வெளிமாநிலத்தில் மூன்று மாதச் சிகிச்சை, பிறகு முதல் நாளிலிருந்து இன்னொரு ஐந்து வருடம். மறுத்தால் லைசென்ஸ் போய்விடும்.

"நாலரை வருஷமா ஒரு சொட்டு தொடலை. என்கிட்ட இருக்கற ஒரே சொத்து அதுதான்," என்றார் ஹாகன். டம்ளரைக் காலி செய்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டார். நாக்கு காய்ந்த தோல் மாதிரி இருந்தது. "ஆனா எனக்கே சந்தேகமா இருக்கு. குடிச்ச காலத்துல உடம்பு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. நடுக்கம், தலைசுத்தல், வாய் வறண்டு போறது. ராத்திரி குடிக்கற மாதிரி கனவு வருது. எந்திரிச்சா நெஜமாவே குடிச்சவன் மாதிரி இருக்கேன். எங்கேயோ குடிச்சுட்டு மறந்துட்டேனோன்னு நேத்து வீடு பூரா பாட்டில் தேடினேன்."

"கெடைச்சுதா?" என்றான் செங்.

"மூணு கெடைச்சுது. எல்லாம் ரூட் பீர், பேருதான் பீர், வெறும் இனிப்பு சோடா. குடியை விட்டவங்க கூட்டத்துலதானே சொன்னாங்க, குடிக்கத் தோணினா இனிப்பா எதையாவது குடின்னு?"

அவர் சிரிக்க முயன்றார். பிறகு, "ஒரு நிமிஷம்," என்று எழுந்து வேகமாக வெளியே போனார்.

"காணாமப் போறாரு, பாஸ்."

"மூணு மணிக்குள்ள அந்த ஆள் வாயிலிருந்து 'குடிச்சேன்'னு ஒரு வார்த்தை வந்துட்டா, அதுக்கப்புறம் கடவுளே வந்து சாட்சி சொன்னாலும் திட்டம் கேக்காது," என்றார் பெர்னடெட். "வண்டியை எடு. புட்டியைத் திறந்தவளைப் பாக்கலாம்."

ஆய்வகம் நெடுஞ்சாலையில் அரை மணி நேரத் தூரத்தில், ஒரு டயர் கடைக்கும் சீஸ் கடைக்கும் நடுவில் இருந்தது. ரோண்டா என்ற பெண் மட்டும்தான் வேலையில் இருந்தாள், மற்றவர்கள் மரத்தில். புத்தம்புது சீஸ் துண்டுகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் பல்லில் கீச்சென்றது.

"முத்திரையெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு," என்றாள். கீச். "பேரு சரி. கையெழுத்து சரி. அவரோட மூத்திரம்தான், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா எனக்கு ஒரு புகார் இருக்கு. யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாம இருந்தேன், நல்லவேளை நீங்க வந்தீங்க."

"சொல்லும்மா."

"அந்த டாக்டர் எதுக்கு என் மூஞ்சில அடிச்சாரு?"

செங் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மூடியைத் திருகினேனா? புஸ்ஸுன்னுச்சு! சோடா பாட்டில் மாதிரி. கண்ணாடி பூரா தெறிச்சுது. எத்தனையோ வருஷமா மூத்திரம் திறக்கறேன், ஒண்ணுகூட என்னைப் பாத்துச் சீறினதில்லை." கீச். "நெறய நுரை வேற."

"அதையும் எழுதினியா?"

"சாராயம் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் கேட்டிருந்தாங்க. சீறுச்சான்னு யாரும் கேக்கலையே?"

பெர்னடெட் கொஞ்ச நேரம் ரோண்டாவின் சீஸ் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை வந்தால் பேசக் கூடாது என்று செங்குக்குத் தெரியும். அவன் புட்டி வந்த அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கத்தில் ஒட்டு டேப்பின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் தடித்த மயிர் ஒன்று சிக்கியிருந்தது. பிய்த்து எடுத்து இரண்டாக மடித்தான். வைக்கோல் போல மடிந்து, மடிந்தபடியே நின்றது.

"பாஸ், இது உள்ள பொள்ளலா இருக்கு. மனுஷ மயிர் இப்படி மடிஞ்சு நிக்காது. நாய் மயிரும் இல்லை. இது மான்."

"நிச்சயமா?"

"பதினோரு சித்தப்பா, பாஸ். எங்க வீட்டுச் சூப்புல இதை எடுத்துப் போட்டுட்டுத்தான் சாப்பிடணும்."

"அப்ப நம்ம புட்டி நேரா இங்க வரலை. வழியில ஒரு மானைச் சந்திச்சிருக்கு," என்றார் பெர்னடெட். "ரோண்டா, பெட்டி எப்ப வந்துச்சு?"

"நேத்து. திங்கக்கிழமை காலையில. கூரியர்க்காரன் டூயிதான் கொண்டுவந்தான்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்திருக்கணுமே?"

"வேட்டை தொடங்கற நாளுக்கு முந்தின சாயங்காலம்," என்றாள் ரோண்டா, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "யாரு வருவா?"

பெர்னடெட் எழுந்து கோட்டை மாட்டினார். "மிச்சம் இருக்கா அந்தப் புட்டியில? இருந்தா ஒரு வேலை செய். சாராயம் ஒரு மனுஷனோட ஈரல் வழியா போச்சுன்னா பின்னாடி ஒரு காலடித் தடம் விட்டுட்டுப் போகும். அது இருக்கான்னு பாரு. பாத்த உடனே எனக்குப் போன் பண்ணு."

"அந்தத் தடத்தையா? அதை யாரும் கேக்கலையே. ஏற்கெனவே குடிகாரர்னு தெரிஞ்ச ஆளுதானேன்னு..."

"நான் கேக்கறேன்."

வெளியே வந்ததும் செங், "டூயி எங்க இருப்பான்னு நான் சொல்லட்டுமா?" என்றான். "ஞாயித்துக்கிழமைக்குள்ள மானை அடிச்சுட்டான். அதான் திங்கக்கிழமை பொறுப்பு வந்து பெட்டியைக் கொடுத்திருக்கான். செவ்வாய்க்கிழமை மதியம் மானை வெட்டி வாங்க அவன் கறிக்கடை வரிசையில நிப்பான்."

நின்றான். கறிக்கடை முன்னால் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் வரிசையாக, ஆளுக்கொரு வண்டி, வண்டிக்கொரு மான். டூயி தன் வண்டியின் பின்பக்கத்தில் சாய்ந்துகொண்டு, கொம்பில் எத்தனை கிளை என்று போகிற வருகிறவர்களையெல்லாம் எண்ணவைத்துக்கொண்டிருந்தான்.

"எட்டு!" என்றான் செங்கிடமும். "எண்ணிப் பாரு தம்பி. எட்டு!"

"கண்கொள்ளாக் காட்சி. அண்ணே, வெள்ளிக்கிழமை ஒரு பெட்டி எடுத்தீங்களே, அதுவும் இந்த மானும் எப்பத்திலிருந்து பழக்கம்?"

டூயியின் முகம் தொங்கியது. "அதைப் பத்தி யாரு சொன்னா?"

"மான்தான்."

"இங்க பாருங்க மேடம்," என்று டூயி பெர்னடெட்டிடம் திரும்பினான். "ஆய்வகத்துக்குப் போயிட்டு, அங்கிருந்து காட்டுக்குப் போனா இருட்டிடும். மச்சான்மாருங்க எனக்கு முன்னாடி நல்ல மரத்தையெல்லாம் பிடிச்சிடுவானுங்க. அதனால நேரா வேட்டைக் குடிசைக்குப் போயிட்டேன். ஆனா பெட்டியை அநாதையா விடலை! வெளிய வண்டியிலயே வெச்சிருந்தா கல்லா உறைஞ்சிருக்கும். உறையக் கூடாதுன்னு பெட்டி மேலயே போட்டிருந்துச்சு. சொந்தப் பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டேன்."

"எப்படிப் பாத்துக்கிட்டே?"

"விறகு அடுப்புக்குப் பக்கத்துல வெச்சேன். கதகதன்னு. விடிய விடிய அடுப்பு அணையாம நானே விறகு போட்டேன். மூணு ராத்திரி! திரும்பி வரும்போது முன்னாடி இடமில்லை, மானோட சேத்துப் பின்னாடி வெச்சேன். அவ்வளவுதான். ஒரு முத்திரைகூட உடையலை, நீங்க வேணா பாருங்க."

"டூயி," என்றார் பெர்னடெட், "நீ கொஞ்சம் பொறுப்பில்லாதவனா இருந்திருந்தா ஒரு நல்ல மனுஷன் தப்பிச்சிருப்பார்."

டூயி அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

வண்டியில் ஏறியதும் செங் உதட்டைப் பிதுக்கினான். "சரி, புட்டி மூணு நாள் அடுப்போரம் உல்லாசமா இருந்திருக்கு. அதனால என்ன? மூத்திரத்தைச் சூடுபடுத்தினா சூடான மூத்திரம்தானே வரும்? சாராயம் எப்படி வரும்? வருதுன்னா எங்க சித்தப்பாங்களுக்கு உடனே சொல்லணும்."

"உங்க மூணாவது சித்தப்பா கராஜ்ல பீர் காய்ச்சுவாரே. அதுக்கு என்னென்ன வேணும்?"

"தண்ணி. ஈஸ்ட். இளஞ்சூடு. மூடி வெச்சுட்டுத் திறந்து திறந்து பாக்காம இருக்கற பொறுமை. அது சித்தப்பாவுக்குக் கிடையாது. மறந்துபோய் ரொம்ப நாள் விட்டா திறக்கும்போது புஸ்ஸுன்னு..." செங் நிறுத்தினான். வண்டி கொஞ்சம் அலைந்து மறுபடி நேரானது. "பாஸ்!"

"தண்ணி இருந்துச்சு. இளஞ்சூட்டை டூயி கொடுத்தான். ஈஸ்ட் மனுஷ உடம்புல எங்கேயாவது ஒட்டிக்கிட்டு, தனக்குத் தீனி கிடைக்குமான்னு பாத்துக்கிட்டே இருக்கற பூஞ்சை. நீ ஒண்ணை விட்டுட்டே."

"என்ன?"

"யோசி. உங்க சித்தப்பா வெறும் தண்ணியையும் ஈஸ்ட்டையும் அடுப்போரம் வெச்சா என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது. சர்க்கரை வேணுமே."

"ம். அப்ப அந்தப் புட்டிக்குள்ள சர்க்கரை எங்கிருந்து வந்துச்சு?"

செங் யோசித்தான். கை நடுக்கம், பழ வாசனை, மங்கல் பார்வை, மூன்று காலி டம்ளர், நான்காவது கையில், 'ஒரு நிமிஷம்' என்று ஓடிய ஓட்டம். அவன் தலைக்குள் ஏதோ இடித்துக்கொண்டு நின்றது.

பெர்னடெட் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தில் இதுவரை இருந்த விளையாட்டு போயிருந்தது.

"லைசென்ஸ் கெடக்குது. அந்த ஆள் இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் தாங்குவாரான்னே எனக்குத் தெரியலை. மிதி!"

செங் மிதித்தான்.

மருத்துவமனையின் கூட்ட அறையில் விசாரணை தொடங்கியிருந்தது. திட்டத்தின் இயக்குநர் ஓல்ம் அம்மையார் சுவர்த் திரையில், தலைநகரிலிருந்து, கண்டிப்பான மூக்குக் கண்ணாடியோடு தெரிந்தார். கோஸ்ட்கா கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஹாகன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்; பிடியை விட்டால் விழுந்துவிடுவார் போலிருந்தது.

"உட்காந்தே சொல்லலாம், டாக்டர் ஹாகன்," என்றது திரை. "நிதானமா இருக்கீங்களா?"

"பாத்தாலே தெரியலையா?" என்றார் கோஸ்ட்கா.

"நான் ஒத்துக்கறேன்," என்றார் ஹாகன். நாக்கு குழறியது. "வெள்ளிக்கிழமை... நான்..."

கதவு படாரென்று திறந்தது. பெர்னடெட் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் செங், கையில் வரவேற்பறை முகாமின் பரிசோதனைக் கருவி. அதற்குப் பின்னால், "அது எங்க மேசைச் சாமான்!" என்று கத்திக்கொண்டு அந்த நர்ஸ்.

"டாக்டர், வாயை மூடுங்க," என்றார் பெர்னடெட். "விரலை நீட்டுங்க."

ஹாகன் நீட்டினார். திட்டத்தில் நாலரை வருடம் இருந்தவர், யார் எதை நீட்டச் சொன்னாலும் நீட்டுவார். ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம். கருவி யோசித்தது. பிறகு எண் எதுவும் காட்டாமல், தன்னால் அளக்க முடிகிற அளவைத் தாண்டிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

நர்ஸ் எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குடிச்சது இவர் இல்லை," என்றார் பெர்னடெட் திரையைப் பார்த்து. "புட்டி. இவருக்குச் சர்க்கரை வியாதி, இயக்குநர் அவர்களே. மூத்திரத்துல சர்க்கரையா கொட்டியிருக்கு. அதை வேட்டைக் குடிசையில அடுப்போரம் மூணு நாள் வெச்சு, ஒருத்தன் பாசமா பீர் காய்ச்சியிருக்கான். சாராயம் ஊறினது மூடி போட்டதுக்கு அப்புறம். டாக்டர் கோஸ்ட்கா, நாற்காலியில இருந்து எந்திரிங்க. நோயாளி உட்காரணும்."

கோஸ்ட்கா எழுந்தார். எழுந்ததில் அவர் கோட்டிலிருந்த நீல வளையம் விளக்கொளியில் பளிச்சென்றது. நர்ஸின் சட்டையிலும் அதே வளையம் இருப்பதை செங் அப்போதுதான் கவனித்தான்.

"அக்கா, இது என்ன மிதவை?"

"மிதவையா?" நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இது சர்க்கரை நோய் விழிப்புணர்வு மாசம். அதோட சின்னம். கீழே இருக்கற முகாமே டாக்டர் கோஸ்ட்காவோடதுதான். இந்த மாவட்டத்துலயே சர்க்கரை நோய்க்கு அவர்தான் பெரிய டாக்டர்."

அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. திரையிலிருந்த இயக்குநர்கூடத் தன் மேசையில் எதையோ தேடினார்.

"தாகம், இளைப்பு, மங்கல், பழ வாசனை," என்றார் பெர்னடெட். குரலை உயர்த்தவில்லை. "இத்தனையையும் ரெண்டு மாசமாப் பாத்துட்டு, இன்னிக்கு என்கிட்ட வரிசையாச் சொன்னீங்க, டாக்டர். தெருவுல போற யாரோ ஒருத்தர் வந்து இதைச் சொல்லியிருந்தா, அவர் நாற்காலியில உட்கார்றதுக்குள்ள மருந்து எழுதியிருப்பீங்க."

"நான்... குடிகாரனைத்தானே பாக்கச் சொன்னாங்க," என்றார் கோஸ்ட்கா. அந்த நிமிடத்தில் அவர் நிஜமாகவே ஒரு பிள்ளையைப் போலத் தெரிந்தார். ஆனால் அடுத்த நொடி அவருக்குள் இருந்த டாக்டர் விழித்துக்கொண்டார். ஹாகனின் நாடியைப் பிடித்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், மூச்சை முகர்ந்தார். "ஸ்ட்ரெச்சர்! சலைன் ரெடி பண்ணுங்க, இன்சுலின் எடுங்க, சீக்கிரம்!" என்று அவர் போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடினாள்.

"ஒரு நிமிஷம்," என்றது திரை. "நிரூபணம் வேணும், பெர்னடெட். சர்க்கரை இருக்கறவங்களும் குடிக்கலாமே?"

பெர்னடெட்டின் போன் அடித்தது. அவர் ஒலிபெருக்கியில் போட்டார். முதலில் ஒரு கீச் கேட்டது.

"ரோண்டா பேசறேன். ஈரல் வழியா போன தடம் கேட்டீங்களே? துளிகூட இல்லை. சர்க்கரையையும் பாத்தேன். அவ்வளவு நொதிச்சும் மிச்சம் இருக்கு, பாகு மாதிரி."

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த ஹாகன் கண்ணைத் திறந்தார். "நான் குடிக்கலையா?"

"இல்லை டாக்டர்," என்றான் செங். இந்த ஒரு தடவை அவனுக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

ஹாகன் அழுதார். உடம்பில் அவ்வளவு தண்ணீர் இல்லாததால் கண்ணீர் வரவில்லை, முகம் மட்டும் அழுதது. அதே நிலையில் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கோஸ்ட்கா சலைன் பையைத் தூக்கிப் பிடித்தபடி பக்கத்திலேயே ஓடினார். இந்த இரண்டு மாதத்தில் அவர் ஹாகனுக்கு இவ்வளவு அருகில் வந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மதியம் ஹாகன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது. பெர்னடெட் கட்டிலோரம் போனைத் தூக்கிப் பிடிக்க, இயக்குநர் ஓல்மின் தீர்ப்பு அதிலிருந்து வந்தது.

"டாக்டர் ஹாகன், உங்க மேல இருந்த குற்றச்சாட்டு ரத்து. குடிக்காம இருந்த காலம் அப்படியே தொடருது. ஒரு நாள்கூட கழிக்கலை. லைசென்ஸுக்கு ஒரு ஆபத்தும் இல்லை."

"ரொம்ப நன்றி," என்றார் ஹாகன். "அப்ப வர்ற மே மாசம் என் ஒப்பந்தம் முடியுது. இல்லையா?"

போன் லேசாகக் கனைத்தது.

"சாராய ஒப்பந்தம் முடியுது. ஆனா பாருங்க, கண்ணு மங்கி, கை நடுங்கி, சொந்த நோய் தெரியாம ரெண்டு மாசம் நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்திருக்கீங்க. உடல்நலக் குறைவோட பணி பாத்த மருத்துவர்னுதான் அதுக்குப் பேரு. அதுவும் நம்ம திட்டத்துலதான் வருது. சர்க்கரைக்குத் தனியா ஒரு ஒப்பந்தம் போடறோம்."

"எத்தனை வருஷம்?"

"அஞ்சு."

செங் கூரையைப் பார்த்தான். பெர்னடெட் ஜன்னலைப் பார்த்தார்.

"பணியிடக் கண்காணிப்பாளர் யாரு?" என்று கேட்டார் ஹாகன்.

"டாக்டர் கோஸ்ட்கா தானா முன்வந்திருக்காரு. ரொம்ப மன்றாடிக் கேட்டாரு."

ஹாகன் மெல்லத் தன் கையைத் திருப்பி, குத்துப்பட்ட விரல் நுனியைப் பார்த்தார். அந்த ஒரு புள்ளியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று பெர்னடெட் குனிந்தார். ஹாகன் சிரித்துக்கொண்டிருந்தார், சலைன் கம்பி ஆடுகிற அளவுக்கு.

"பரவாயில்லை," என்றார் மூச்சு வாங்கியபடி. "நாலரை வருஷமா பாத்ரூம்ல ஒருத்தன் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தான், பெர்னடெட். இனிமே விரலைத்தானே பாக்கப் போறாங்க? எத்தனை பேர் வேணாலும் வந்து பாக்கட்டும்."